கிண்ணத்தைக் கொட்டப் போனவள்

பாம்பு மறுபடியும் வாயைத் திறந்தது. டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் கன்சோலில் உட்கார்ந்திருந்த மோசஸ் ஒரே படத்துண்டைப் பின்னால் இழுத்து இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தான், பாம்பும் அலுக்காமல் ஒரு சொட்டு விஷத்தை இறக்கிக்கொண்டிருந்தது, கீழே ஒருத்தி கிண்ணத்தை ஏந்தி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் பாறையோடு பாறையாகக் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தான் அவளைக் கட்டியவன். கிண்ணம் நிறைந்தது. எழுந்தாள், திரும்பினாள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குகை மூலைக்குப் போய்க் கொட்டினாள். அந்த இடைவெளியில் ஒரு சொட்டு அவன் முகத்தில் விழுந்தது, அவன் துடித்தான், பூமி பிளந்தது. அட பாவிகளா என்றாள் மனோரஞ்சிதம் மனசுக்குள், காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. மைக்குக்கு முன்னால் நின்று நின்று குதிகால் கடுத்தது, ஏசி நேரே கழுத்தில் இறங்கியது, ஹெட்போனில் எவனெவன் வேர்வை நாற்றமோ அடித்தது. ஸ்டாண்டில் செருகியிருந்த தாளில் அவள் பேச வேண்டிய வசனம் இருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க. இனிமே ஒரு நொடிகூட உங்களை விட்டு நகர மாட்டேன்." படத்தில் அந்தப் பெண் இதைச் சொல்லவே இல்லை. இங்கிலீஷில் அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. முதுகுதானே தெரிகிறது, உதடு தெரியவில்லையே, உதடு தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம் என்பது டப்பிங்கில் அரிச்சுவடி. காமெடியன் திரும்பினால் ஒரு ஜோக்கைத் திணிப்பார்கள், பெண்டாட்டி திரும்பினால் ஒரு மன்னிப்பைத் திணிப்பார்கள். இத்தனை வருஷமாக அவளும் பேசிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"ரஞ்சிதம்மா, லெவல் பாத்துக்கறோம், ரெண்டே நிமிஷம்," என்று காதுக்குள் சுதன் சொன்னான். ஹரிஹரசுதன். தமிழ் வசனம் எழுதுகிறவனும் அவன்தான், உட்கார்ந்து டப்பிங்கை நடத்துகிறவனும் அவன்தான். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது, அம்மா அம்மா என்று கூப்பிடுகிறான், டீ வந்தால் முதல் கப்பை அவளுக்குத் தருகிறான். காலையில் அந்த டீயோடு கதையையும் சொன்னான். வடக்கே பனி தேசத்துப் பழைய புராணமாம், அதை வைத்து சூப்பர் ஹீரோ படம் எடுத்திருக்கிறார்களாம். பெயர்கள் ஒன்றும் யார் வாயிலும் நுழையாததால் ஸ்டுடியோவில் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ராஜா ஒத்தைக்கண்ணு, பெரிய மகன் சுத்தியல், இங்கே கட்டுண்டு கிடக்கிற இளையவன் தகிடுதத்தம், அவன் பெண்டாட்டி கிண்ணம். தகிடுதத்தம் சூழ்ச்சி பண்ணி எல்லாருக்கும் செல்லமான ஒரு சாமியைச் சாகடித்துவிட்டான், அதுக்குத்தான் குகையும் பாம்பும். சரி, பண்ணினான், அனுபவிக்கிறான். இவள் என்ன பண்ணினாள்? இவள் எந்தக் குடியைக் கெடுத்தாள்? மூலக்கதையில் அவனைக் கட்டிய கயிறே இவள் பெற்ற பிள்ளையின் குடலாம். அதை டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான் சுதன். "அதைப் படத்துல தூக்கிட்டாங்கம்மா, சின்னப் பசங்க பாக்கற படமாச்சே." குடலைத் தூக்கிவிட்டார்கள், கிண்ணத்தை மட்டும் தூக்கவில்லை, ஏனென்றால் கிண்ணம் அவர்களுக்கு வேணும். "சூப்பர் ரைட்டிங்மா இது," என்று விரல் விட்டு விளக்கினான். "அவ எந்திரிச்சுப் போனாத்தான் விஷம் விழும், விழுந்தாத்தான் அவன் துடிப்பான், துடிச்சாத்தான் பூகம்பம், பூகம்பம் வந்தாத்தான் சங்கிலி அறும், அறுந்தாத்தான் அவன் க்ளைமாக்ஸ் சண்டைக்கு வந்து அண்ணனுக்காக உயிரை விட்டு நல்லவனாக முடியும்." ஆக இவள் எழுந்து போவது ஒரு ஸ்விட்ச், தட்டினால் லைட் எரியும். ஏன்டா, வானவில்லில் பாலம் போடத் தெரிந்த சாமிகளுக்கு இன்னொரு கிண்ணம் கிடைக்கவில்லையா? இவள் கொட்டப் போகிற நேரம் இன்னொருத்தன் வந்து பிடித்தால் அவன் கிரீடம் கழன்று விழுந்துவிடுமா? அந்த மாளிகையில் தின்றுவிட்டுக் கிடக்கிற தடிமாடுகள் எத்தனை பேர், ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்தானா? கேட்டால் பூகம்பம் வந்தது இவளாலாம்.

இவளால். நீ நகர்ந்ததால்தான். இந்தச் சொல்லை அவள் போன வெள்ளிக்கிழமை கேட்டிருந்தாள், இந்த ஹெட்போனில் இல்லை, தன் வீட்டுக் கூடத்தில், நின்ற நிலையில், கையில் கழுவின பெட்பேனோடு. அவள் புருஷன் தணிகாசலம் படுத்த படுக்கையாகி இது மூணாவது வருஷம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. திருப்பிப் படுக்க வைப்பதிலிருந்து கஞ்சி ஊட்டுவது, துடைப்பது, முதுகில் பவுடர் போடுவது வரை அவள்தான். டப்பிங் இருக்கிற நாளில் மட்டும் அவன் தங்கச்சி புனிதா இரண்டு தெரு தள்ளியிருந்து வந்து உட்காருவாள். உட்காருவாள் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. வெள்ளிக்கிழமை டப்பிங் கூட இல்லை. புனிதா சும்மா பார்க்க வந்தவள் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கிவிட்டு அண்ணன் காலடியில் சாய்ந்து போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் பெட்பேனை எடுத்துக்கொண்டு பின்கட்டு பாத்ரூமுக்குப் போனாள், கொட்டினாள், கழுவினாள், அவ்வளவுதான், அதற்குள் தொம் என்று ஒரு சத்தம். ஓடி வந்தால் தரையில் கிடக்கிறான், புருவம் கிழிந்து ரத்தம். புனிதா போனைக் கீழே வைக்காமலே கத்துகிறாள், "அண்ணி, நீங்க ஏன் விட்டுட்டுப் போனீங்க!" விட்டுட்டுப் போனாளாம். எங்கே போனாள், மகாபலிபுரத்துக்கா? அவன் மூத்திரத்தைக் கொட்டப் போனாள். கம்பியை இறக்கினது யார் என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ரத்தத்தைத் துடைப்பதா, நியாயம் கேட்பதா? அப்புறம் தையல் போட்டு வந்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஆப்பிளை வைத்துவிட்டுப் போய், ஆளாளுக்கு நாடி பிடித்துப் பார்த்த மாதிரி ஒரு தீர்ப்பு. அவன் அண்ணன், வீட்டில் எல்லாரும் பெரியவர் பெரியவர் என்று நடுங்குகிற மனுஷன், அவர் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேலை வேலைன்னு வெளிய சுத்தற மனசு இருந்தா கவனம் எப்படிம்மா வீட்ல நிக்கும்? அவன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு, இந்த டப்பிங்கை விட்டுடு. புதன்கிழமை வரேன், எல்லாரும் வருவோம், பேசி முடிச்சுடுவோம்." இன்றைக்குப் புதன்கிழமை. இன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் வருவார்கள், அவள் கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளையிலிருந்து இந்தக் குளிர் அறைக்கு வரக் கூடாது. வந்து தொலைக்கிற இன்றைக்குப் பார்த்து இந்த வசனம். பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் போய்ப் படுத்த கதைதான்.

"போலாமாம்மா?" மூன்று பீப் சத்தம் காதில் விழுந்தது, அந்தப் பெண் எழுந்தாள், திரும்பினாள், ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க," என்று வந்தது அவள் வாயிலிருந்து, அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது, யாரையோ செருப்பைக் கழற்றி அடிக்கப் போகிற குரல் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோசஸ் நிமிர்ந்து பார்த்தான். சுதன் சிரித்தான், "அம்மா, என்ன கோவமா வருது! கெஞ்சணும்மா. நம்ம ஆடியன்ஸுக்கு அந்த எடத்துல கண்ணு கலங்கணும். அதுக்குத்தானே இந்த லைனையே நான் வச்சேன், வெள்ளைக்காரனுக்கு செண்டிமெண்ட் தெரியல." அவளுக்குச் சட்டென்று ஒன்று கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்டாள். "பூகம்பம் வந்துச்சு, அவன் அவுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் இவ என்ன ஆனா தம்பி?" சுதன் பக்கத்தைப் புரட்டினான், மோசஸைப் பார்த்தான், மறுபடி புரட்டினான். "அப்புறம் அவளுக்கு சீன் இல்லம்மா." "செத்தாளா, இருக்காளா?" என்றாள். "அது... காட்டலம்மா. கதைக்கு அது தேவையில்லல்ல." தேவையில்லை. குகை இடிந்ததே, அவள் உள்ளேதானே நின்றாள், தலையில் கல் விழுந்ததா, கால் நசுங்கிக் கிடக்கிறாளா, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் அவனைத் தேடுகிறாளா, ஒருத்தனும் கேட்கமாட்டான். அவன் போய் நாலு பேரை வெட்டி, அண்ணன் மடியில் செத்து, ஒத்தைக்கண்ணு அப்பன் மன்னித்து, மேலே நட்சத்திரமாகிவிடுவான். எல்லாரையும் ஏமாற்றினவனுக்குக் கடைசியில் நல்ல பெயர், கூடவே ஒரு நல்ல பாட்டு. "தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்றாள்.

அறை மூலைக்குப் போய் ஃபிளாஸ்கைத் திறந்தாள். குடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தணிகாசலமும் ஒரு தகிடுதத்தம்தான், அதில் என்ன மறைக்க. புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தான், வாயால் வடை சுடுகிற மனுஷன், பொய்யைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பில் பொய் கேட்டவனே கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒரு படம், வடக்கத்திப் பெண் ஹீரோயின், தமிழில் அவளுக்கு வாயே வராது, முதல் காட்சியிலிருந்து கடைசி வரை பேசியது ரஞ்சிதம். படம் ஓடியது, அந்தக் குரலுக்காகவே ஓடியது என்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் ஸ்டுடியோ வாசலில் வந்து யார் குரல் என்று கேட்டார். தணிகாசலம் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இதோ சொல்லப் போகிறான் என்று. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அந்தப் பொண்ணே கஷ்டப்பட்டுத் தமிழ் கத்துக்கிட்டுப் பேசிச்சு சார்." தயாரிப்பாளர் அப்படித்தான் சொல்லச் சொன்னாராம். ராத்திரி மாம்பழக் கலரில் ஒரு புடவை வாங்கி வந்தான். அவளும் அதைக் கட்டினாள், தூ, கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கெல்லாம் போனாள். வாயில் இன்றைக்கும் 'அவர்'தான், மனசில்தான் 'அவன்' 'இவன்' எல்லாம். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் மூணு வருஷமாய் மலம் மூத்திரம் அள்ளுகிறாள், அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் குறை அதுவல்ல, அள்ளுவாள், நாளைக்கும் அள்ளுவாள், மனுஷன் கிடக்கிறான், பார்க்காமல் தெருவிலா போட முடியும். அள்ளினதற்கு மன்னிப்புக் கேள் என்கிறார்களே, அதுதான் அடிவயிற்றில் நெருப்பாகக் கிடக்கிறது. இந்த இரண்டு வார்த்தையைத்தான் எத்தனை பேருக்காகச் சொல்லியிருக்கிறாள்! குடிகாரப் புருஷன் காலில் விழுகிறவளுக்கு, சந்தேகப்படுகிறவன் பெண்டாட்டிக்கு, தெலுங்கு மாமியாரிடம் அடி வாங்கின மருமகளுக்கு, இந்தி ராணிக்கு. மூக்கை உறிஞ்சி, 'ம'வில் லேசாக உடைந்து, 'டுங்க'வில் காற்றை மட்டும் விட்டால் தியேட்டரே உச்சுக் கொட்டும். அந்த வித்தை அவளுக்கு அத்துப்படி. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பேசிவிட்டுப் போகலாம், யாருடைய மன்னிப்போ, நமக்கென்ன. பேசிவிடு. பேசினால் சாயங்காலமும் பேசிவிடலாம், ஒத்திகை முடிந்துபோகும். ஐயோ, அதுதான் பயம். ஒரு தடவை இந்த வாயிலிருந்து வந்துவிட்டால் சாயங்காலம் அது தானாக வந்து நிற்கும், பெரியவர் தலையை ஆட்டுவார், புனிதா கண்ணைத் துடைப்பாள், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கூடம்தான், அந்தக் கட்டில்தான். பேசாவிட்டால்? சுதன் வேறு ஆளைக் கூப்பிடுவான். வடபழனியில் குரலுக்கா பஞ்சம். அப்புறம் ரஞ்சிதம்மா தகராறு பிடிச்சவங்க என்று பெயர் வரும், கூப்பிடமாட்டார்கள், அப்பவும் அந்தக் கூடம்தான். இப்படிப் போனால் கடிக்கிறது, அப்படிப் போனால் உதைக்கிறது. வெளியே பையில் போன் கிடக்கிறது, உள்ளே கொண்டுவரக் கூடாது, இந்நேரம் அது அதிர்ந்துகொண்டிருக்கிறதோ, மறுபடி விழுந்திருப்பானோ, கம்பியை ஏற்றிவிட்டுத்தான் வந்தாள், இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள், ஏற்றினாளா? ஏற்றினாள். புனிதா இறக்கியிருந்தால்? வந்த இடத்தில் நிம்மதியாக ஒரு மடக்குத் தண்ணி குடிக்க முடிகிறதா பார்.

மறுபடி மைக். மறுபடி மூன்று பீப். அந்தப் பெண் எழுந்தாள். இத்தனை தடவை ஓடினதில் ரஞ்சிதம் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது, எழுந்திருக்கும்போது அவள் ஒரு கணம் தடுமாறுகிறாள், எத்தனை நாளாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்த காலோ, மரத்துப் போயிருக்கிறது. நடிக்க வந்த பெண் யாரோ, எந்த ஊரோ, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே செய்திருக்கிறாள். ரஞ்சிதத்துக்கு முழங்கால் வலித்தது. அவள் வசனத்தைப் பேசவில்லை. எழுந்திருக்கையில் 'ம்ம்' என்று பல்லைக் கடித்து ஒரு முனகல், நடக்கையில் இரண்டு மூச்சு, கொட்டுகையில் ஒன்றுமில்லை, சும்மா இருந்தாள். துண்டு முடிந்தது. "அம்மா, லைன்?" என்றான் சுதன். "லைன் இல்ல தம்பி." "எழுதியிருக்கே." "எழுதியிருக்கு, அவ பேசலையே. வாயைத் தொறக்காதவ வாயில நீ ஏன் மன்னிப்பைப் போடற? என்ன தப்பு பண்ணா அவ, சொல்லு, நெறஞ்சதைக் கொட்டப் போனா. கொட்டாம நின்னா வழிஞ்சு அவன் மேலயே விழும், இது உனக்குத் தெரியாதா? இன்னொரு கிண்ணம் கொண்டாந்து குடுக்காதவன்லாம் மன்னிப்பு கேக்கட்டும், அந்த ஒத்தைக்கண்ணனை வந்து கேக்கச் சொல்லு, நான் பேசறேன் ஆம்பளக் குரல்ல!" குரல் உயர்ந்துவிட்டது, மைக் திறந்தே இருந்தது, மோசஸ் சவுண்ட் லெவலைக் குறைத்தான்.  சுதனுக்கும் கோபம் வந்திருந்தது, எழுதுகிறவனுக்கு வராதா. "அம்மா, இது ஒரு படம். நீங்க ஏன் பர்சனலா எடுத்துக்கறீங்க?" அவள் தாளை ஸ்டாண்டிலிருந்து உருவி மடித்தாள். பின்னே யாருடைய குரலை வைத்து நீ இவ்வளவு நாள் சம்பாதித்தாய், அது எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய், கடையிலா? மோசஸ் கேட்டான், "சார், டேக்கை வச்சுக்கவா, அழிக்கவா?" சுதன் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தான். "வை," என்றான் கடைசியில். "இப்போதைக்கு வை. கம்பெனிக்காரங்க லைன் வேணும்னு கேட்டா நான் வேற வாய்ஸ் வச்சுப் போட்டுடுவேன், அப்ப வருத்தப்படக் கூடாது." "போட்டுக்கோ," என்றாள். "என் வாயால வராது."

வெளியே வராண்டாவில் வெயிலுக்குக் கண் கூசியது. பையின் ஜிப் திறக்க மாட்டேன் என்றது. சொல்லியாகிவிட்டது, இனி கூப்பிடுவானோ மாட்டானோ, சொன்னது சொன்னதுதான். போனில் புனிதாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிட்டாள். விழுந்துவிட்டான், இந்த முறை மண்டையிலே, நான் அங்கே கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கடவுளே. மணி அடித்து அடித்துப் பிறகு எடுத்தாள் புனிதா. "எத்தன தடவ கூப்பிடறது அண்ணி!" "அவருக்கு என்ன?" "அவருக்கு ஒண்ணும் இல்ல, தூங்கறாரு. பெரியண்ணன் சீக்கிரமே வந்துடறாராம், அதைச் சொல்லத்தான். நீங்களும் சட்டுனு வந்துட்டீங்கன்னா, அண்ணன் பக்கத்துல நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சுடும்." ரஞ்சிதம் சுவரில் சாய்ந்தாள். விட்ட மூச்சில் பயம் போனது, கோபம் போகவில்லை, நன்றாகவே இருந்தது, இப்போது அது சூடாறி கையில் பிடிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. "சொல்ல மாட்டேன் புனிதா," என்றாள். "என்ன அண்ணி?" "மன்னிப்பு. கேக்க மாட்டேன். கட்டில் கம்பியை இறக்கி விட்டது நீ. நீயும் கேக்க வேணாம், நடந்தது நடந்துடுச்சு. டப்பிங்கையும் நான் விடப்போறதில்ல. பெரியவர் வரட்டும், எல்லாரும் வரட்டும், நல்லதாப் போச்சு. வாரத்துல எந்தக் கிழமை யாரு அவரப் பாத்துக்கறதுன்னு இன்னைக்குப் பேசிடுவோம். செவ்வாயும் வியாழனும் நீ. ஞாயித்துக்கிழமை பெரியவர் வீட்ல. கஞ்சி, மாத்திரை, பெட்பேன், எல்லாம்தான்." அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று நின்றது.  "பெட்பேனா?" என்றாள் புனிதா, குரல் இறங்கிவிட்டது. "நானா அண்ணி? எனக்குக் குமட்டுமே அண்ணி." "குமட்டும்," என்றாள் மனோரஞ்சிதம். "மூக்கைப் பொத்திக்கவும் முடியாது, ரெண்டு கையும் வேணும். வந்து சொல்லித் தரேன்."